சாரைய அடிச்சோம், கடிச்சது ஒரு சாண் பாம்பு

எங்க வீட்டு கோடிப்பக்கம் கல்லுக்கட்டுல ஒரு சாரை இருந்துச்சு. ஆறடிக்கு மேல இருக்கும். தோட்டத்து லயத்த, அந்த வரிசை வீட்ட விட்டு இந்த ஏழு பேர்ச் காணி வீட்டுக்கு குடி வந்த மொத மாசமே அத பாத்துட்டோம், வெயில் அடிக்கிற நேரம் கல்லு மேல நீட்டி படுத்திருக்கும், நம்ம செருப்பு சத்தம் கேட்டா சர்ருன்னு பொந்துக்குள்ள போயிரும்.

லயத்துல இருந்தப்ப பாம்பு ஒரு பெரிய விஷயமே இல்ல. பன்னெண்டு காம்பராவுக்கும் முன்னால ஒரே சிமெந்து வாசல், நாய், கோழி, புள்ளைங்க, விடியக்காலம் நாலு மணில இருந்து யாராவது நடந்துக்கிட்டே இருப்பாங்க, தப்பித்தவறி ஒண்ணு வந்தாலும் பன்னெண்டு வீடும் சேந்து கத்துற கத்துல அதுவே வழி தேடி ஓடிரும். தனி வீடு அப்படியில்லங்க. முன்னுக்கு ரோட்டு, பின்னுக்கு மண்ணு சரியாம இருக்க அடுக்குன கல்லுக்கட்டு, அதுக்கு மேல தண்ணி ஓடுற கான், கானுக்கு அந்தப்பக்கம் தேயிலை. நாங்க இலங்கை மலையகத்துல பசறை பக்கம், வாசல்ல நின்னா நமுனுகல மலை தெரியும். வீடு கெடச்ச சந்தோஷத்துல நாங்க யோசிக்காத ஒண்ணு, அந்த கல்லுக்கட்டும் கானும் நமக்கு முந்தியே வேற யாரோ குடியிருந்த எடம்னு.

கோழி முட்டை காணாம போக ஆரம்பிச்சுச்சு. பக்கத்து வீட்டு மாமா வந்து பாத்துட்டு, "தம்பி, இத வச்சிக்கிட்டு இருக்க கூடாது, சாரை இருக்குற எடத்துக்கு நல்ல பாம்பு சேர வரும், ரெண்டும் ஜோடி"ன்னு சொன்னாரு. அது சுத்த பொய்யின்னு இப்ப தெரியும், சாரை வேற சாதி, நாகம் வேற சாதி, ரெண்டும் ஜோடி சேராது, அதுவும் இல்லாம நாகம் மத்த பாம்பையே பிடிச்சு முழுங்குற ஆளு. அன்னைக்கு தெரியல. மம்பட்டிய எடுத்து மொத அடி அடிச்சது நான் தான். அம்மா மட்டும் குசினி வாசல்ல நின்னு "அது என்னடா பண்ணுச்சு உங்கள"ன்னு கேட்டுச்சு, யாரும் காதுல போட்டுக்கல.

அதுக்கப்புறம் வந்துச்சு பாருங்க எலி. பருப்பு பேக்குல ஓட்ட, கோதுமை மா வாளி மூடில பல்லு தடம், ராத்திரி சீலிங்ல ஓட்டப்பந்தயம், ஒரு தடவ என் த்ரீவீலோட சீட்டுக்கு அடில வயர கடிச்சு ஹயர் போற நேரம் வண்டி ஸ்டார்ட் ஆகல. சாரை செத்ததால தான் அம்மாவ பாம்பு கடிச்சுச்சுன்னு நான் கதை கட்ட மாட்டேன், கடிச்ச சாதி அதிகமா பல்லி, அரணை, தவளைன்னு திங்கிற சாதி, எலி அதுக்கு பெரிய சாப்பாடு இல்ல. ஆனா ஒண்ணு, நாங்க பயந்த பயமெல்லாம் பெரிய பாம்ப பத்தியே இருந்துச்சு. சின்னத பாம்பு கணக்குலயே எடுக்கல.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஐப்பசி மாசம். உங்களுக்கு தெரியும் எங்க பக்கம் ஐப்பசி மழை எப்படின்னு, மத்தியானம் மூணு மணிக்கு இருட்டிக்கிட்டு வந்தா விடிய விடிய ஊத்தும். அன்னைக்கு கரண்டும் இல்ல. அம்மா சாயங்காலம் ஆறரை போல தேத்தண்ணி வைக்க வெறகு எடுக்க போச்சு. எங்க வெறகு எல்லாம் கவ்வாத்து மிலாறு, தேயிலைய கவ்வாத்து வெட்டுறப்ப விழுற கெளை, செவத்தோட ஒட்டி தரையில அடுக்கி, மழைக்கு மேல பழைய சாக்கும் ரெண்டு தகரமும் போட்டு மூடி வச்சிருந்தோம். டோர்ச் இல்ல. பழக்கப்பட்ட எடம் தானேன்னு கைய விட்டு இழுத்திருக்கு.

"பூரான் கடிச்சிருச்சுடா"ன்னு தான் உள்ள வந்துச்சு. வலது கை ஆள்காட்டி வெரல். நானும் பூரான்னு தான் நெனச்சேன், ஆனா அஞ்சு நிமிஷத்துல வெரல் தடிச்சு, "நெருப்புல வச்ச மாதிரி கொதிக்குது"ன்னு அம்மா உக்காந்திருச்சு. எங்கம்மா அப்படி உக்கார்ற ஆளு இல்ல. 31 வருஷம் கொழுந்து எடுத்த பொம்பள, அட்ட, குளவி எல்லாம் பாத்தது, பச்சை விரியன் ஒரு தடவ கூடைக்குள்ளயே விழுந்திருக்கு, அத கவுத்து கொட்டிட்டு அடுத்த நெரைக்கு போயிருக்கு. தம்பி போன் லைட்ட அடிச்சிக்கிட்டு போயி சாக்க தூக்கி பாத்தா, காஞ்ச எலை மாதிரி ஒண்ணு சுருண்டு கெடக்கு. ஒரு சாண், ஒன்றரை சாண் இருக்கும். தலை முக்கோணம், மூக்கு நுனி மேல தூக்குன மாதிரி. சிங்களத்துல பொலன்தெலிஸ்ஸான்னும் குணகடுவான்னும் சொல்றது இதத்தான், நம்ம ஆளுங்க குழி விரியன்னு சொல்வாங்க, பல பேர் வெறும் விரியன்குட்டின்னு தான் சொல்வாங்க. குட்டி கிட்டி எல்லாம் இல்ல, முழுசா வளந்தாலே கிட்டத்தட்ட ரெண்டு சாண் தான்.

இங்க ஒரு விஷயம் சொல்லிக்கிறேன், இது தெரிஞ்சிருந்தா அன்னைக்கு கடி வாங்கியிருக்க மாட்டோம். சாரையோ நாகமோ நம்ம நடந்து வர்ற அதிர்வு தெரிஞ்சா எடத்த காலி பண்ணிரும். அதனால தான் நம்ம பெரியாளுங்க கால தட்டி நட, கம்பால தட்டிக்கிட்டு போன்னு சொல்றது. இந்த சின்ன விரியன் ஓடாது. அதுக்கு இருக்குற நம்பிக்கையே தன்னோட கலர் தான், எலையோட எலையா அசையாம கெடக்கும், நம்ம கை அது மேல படுற வரைக்கும் கெடக்கும். பட்டா கடிக்கும். பகல்ல சோம்பேறியா கெடந்து, பொழுது சாயத்தான் வேலைக்கு கெளம்பும். வெறகு எடுக்குறது, கோழி அடைக்குறது, குப்பை கொட்டுறது எல்லாம் நம்ம செய்ற நேரமும் அது தான்.

சரி, அதுக்கப்புறம் நாங்க பண்ணுன கூத்த சொல்றேன், ஒண்ணு விடாம எல்லாமே தப்பு.

மாமா ஓடி வந்து மணிக்கட்டுக்கு மேல நைலோன் கயித்தால இறுக்கி கட்டுனாரு. சித்தி தேசிக்காய் வெட்டி தேச்சுச்சு. யாரோ பிளேட்டால லேசா கீறி ரத்தம் எடுக்கணும்னு சொன்னாங்க, நல்லவேளை அம்மாவே "கிட்ட வந்தீங்க…"ன்னு மொறச்சதுல அது நடக்கல. தம்பி அந்த பாம்ப அடிச்சு ஐஸ்கிறீம் டப்பாவுல போட்டான். அப்புறம் பெரிய வாக்குவாதம், ஆஸ்பத்திரியா, விஷக்கடி வைத்தியரான்னு. கீழ கிராமத்துல ஒரு வயசான சிங்கள வெதமஹத்தயா இருக்காரு, எங்க தோட்டத்துல பாதி பேரு அவர்கிட்ட போனவங்க தான். சரின்னு த்ரீவீல்ல ஏத்திக்கிட்டு மழையில அங்க போனோம். அவரு டப்பாவ தொறந்து பாத்தாரு, அம்மா கைய பாத்தாரு, கயித்த அவரே அவுத்தாரு, அவுத்துட்டு என்னைய பாத்து "இஸ்பிரிதாலெட்ட அரன் யன்ன புத்தே"ன்னு ஒரே வார்த்த. ஆஸ்பத்திரிக்கு கொண்டு போ மகனேன்னு. காசு ஒரு சதம் வாங்கல. அந்த மனுஷன நான் இன்னைக்கும் கும்பிடுறேன், ஆனா போக வர முக்கா மணித்தியாலம் போயிருச்சு. அதுக்குள்ள கை முழங்கை வரைக்கும் வீங்கி, வெரல் கறுநீலம்.

தோட்டத்து மருந்து வீட்டுல அந்த நேரம் யாரும் இல்ல, அது வேற கதை. நேரா டவுன் பெரியாஸ்பத்திரி. வழி நெடுக பள்ளம், ஒவ்வொரு பள்ளத்துக்கும் அம்மா முனகுது, நான் ஸ்டியரிங்க புடிச்சிக்கிட்டு அழுதுக்கிட்டே ஓட்டுறேன்.

அங்க போனா மொத வேலையா நர்ஸ் கேட்டது "மோதரம், வளையல் ஏன் கழட்டல?" அப்ப தான் பாக்குறோம். வளையல கத்திரிச்சு எடுத்தாங்க. மோதரம் சதைக்குள்ள புதைஞ்சு போயி, அத வெட்டி எடுக்குறதுக்குள்ள அம்மா பட்ட பாடு பாம்பு கடிச்சத விட மோசம். எங்க அப்பா போட்ட மோதரம் அது. கடிச்ச அடுத்த நிமிஷம் சோப்பு போட்டு கழட்டியிருந்தா முழுசா வந்திருக்கும்.

அப்புறம் நான் சண்ட போட்டேன். ஊசி போடுங்க, பாம்புக்கடி ஊசி போடுங்கன்னு கத்துனேன். டொக்டர் ஒரு சின்ன வயசு பொம்பள புள்ள, சிங்களத்துல பொறுமையா சொன்னாங்க, எனக்கு வெளங்குன அளவுக்கு எழுதுறேன். நம்ம நாட்டு ஆஸ்பத்திரியில இருக்குற விஷமுறிவு மருந்து இந்தியாவுல இருந்து வர்றது. அது நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலுக்கு செஞ்சது. இந்த குழி விரியனுக்கு அது வேலை செய்யாது. வேலை செய்யாத மருந்த குடுத்தா அலர்ஜி வர்ற ஆபத்து மட்டும் தான் மிச்சம், அந்த மருந்துக்கு ஒடம்பு தாங்காம மூச்சு முட்டுறது அடிக்கடி நடக்குறது தானாம். இலங்கையில விஷப்பாம்பு கடிச்சு ஆஸ்பத்திரிக்கு வர்றவங்கள்ல அதிகமான பேர கடிக்கிறதே இந்த சின்ன பாம்பு தான்னும் அவங்க தான் சொன்னாங்க. எனக்கு அப்ப அது மண்டையில ஏறல. அதிகமா கடிக்கிற பாம்புக்கே மருந்து இல்லையான்னு தான் கோவம் வந்துச்சு. அந்த கோவம் இன்னும் இருக்கு, அவங்க மேல இல்ல.

அப்ப ஆஸ்பத்திரியில என்ன தான் செய்வாங்கன்னு கேட்டா, நெறைய செய்வாங்க. ரத்தத்த கொஞ்சம் கண்ணாடி குழாயில எடுத்து 20 நிமிஷம் ஆட்டாம வச்சு ஒறையுதான்னு பாத்தாங்க. ஒறைஞ்சா சரி, ஒறையலன்னா விஷம் ரத்தத்துல வேலை காட்டுதுன்னு அர்த்தம். அத ஒரு தடவ இல்ல, மறுபடி மறுபடி பாத்தாங்க. சேலைன். வலிக்கு பனடோல். அப்புறம் ஒரு போத்தல குடுத்து ஒண்ணுக்கு போறத எல்லாம் அளந்து எழுத சொன்னாங்க. இது எதுக்குன்னு எனக்கு வெளங்கல. ரெண்டாவது நாள் தான் வெளங்குச்சு, ஒண்ணுக்கு கொறைஞ்சு போயி, ரத்தத்துல கிட்னி கணக்கு கூடிருச்சு. "அது கடிச்சா சாவு இல்ல, வெரல் தான் அழுகும்"னு ஊர்ல சொல்றது முக்காவாசி உண்ம, மிச்ச காவாசி தான் கிட்னி. அதுல செத்த ஆளுங்களும் இருக்காங்க. எங்களுக்கு முருகன் புண்ணியம், நாலாவது நாள் கணக்கு எறங்கிச்சு, ஆறாவது நாள் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புனாங்க. வெரல்ல கொப்புளம் கெளம்பி தோல் கறுத்து உரிஞ்சு, ஒன்றரை மாசம் மருந்து கட்ட போனோம். நுனி கொஞ்சம் வளைஞ்சு தான் நிக்குது இப்பவும். கொழுந்து கிள்ளுன வெரல்.

வாட்ல பக்கத்து கட்டில்ல ஒரு வயசாளி, மொனராகலை பக்கம் வயல்ல கண்ணாடி விரியன் கடிச்சு வந்தவரு. அவருக்கு அந்த மருந்து ஏத்துனாங்க, ஒண்ணு ரெண்டு இல்ல, சேலைன்ல கலந்து குப்பி குப்பியா ஏத்துனாங்க, நர்ஸ் பக்கத்துலயே அலர்ஜிக்கு ஊசிய ரெடியா வச்சிக்கிட்டு நின்னாங்க. அதனால தான் சொல்றேன், நம்ம வீட்டுல உக்காந்துக்கிட்டு இது விஷம், இது விஷமில்ல, இதுக்கு ஊசி வேணும், வேணாம்னு முடிவு பண்ணவே கூடாது. 2012, 2013 வருஷத்துல நாடு முழுக்க வீடு வீடா போயி கேட்டு ஒரு கணக்கெடுப்பு நடந்துச்சு, அதுல ஒரு வருஷத்துக்கு 80,000க்கு மேல பாம்புக்கடி, 400க்கு மேல சாவுன்னு வந்துச்சு. இவ்வளவு சின்ன தீவுக்கு.

இப்ப யாராவது எனக்கு போன் எடுத்து பாம்பு கடிச்சிருச்சுன்னா நான் சொல்றது இவ்வளவு தான். மோதரம், வளையல், மெட்டி, கொலுசு, கறுப்பு கயிறு, எல்லாத்தையும் மொதல்ல கழட்டு. கட்டாத. கீறாத. உறிஞ்சாத. சாராயம் குடுக்காத, எங்க பக்கம் அந்த வைத்தியமும் இருக்கு. சோப்பு தண்ணில மெதுவா கழுவு. கடிச்ச கையோ காலோ ஆடாம ஒரு பலகைய வச்சு துணியால தளர சுத்து, கடி வாங்குன ஆள நடக்க விடாத, தூக்கிட்டு போ. வலிக்குதுன்னு கடையில விக்கிற மத்த வலி மாத்திரை எதையும் போடாத, அது கிட்னிக்கும் ஆகாது ரத்தத்துக்கும் ஆகாது, பனடோல் போதும். 1990 அடி, சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்ல. எங்கள மாதிரி உள்ளுக்குள்ள ரோட்டு மோசமான தோட்டம்னா 1990க்கு சொல்லிட்டு, மெயின் ரோட்டுல எங்க நிக்கிறதுன்னு பேசிக்கிட்டு, அதுவரைக்கும் த்ரீவீல்ல மெதுவா எறக்குங்க, நான் ஓட்டுன மாதிரி ஓட்டாதீங்க. கடிச்ச நேரத்த ஒரு பேப்பர்ல எழுதிக்கங்க, ஆஸ்பத்திரியில மொத கேள்வி அது தான்.

பாம்ப தேடிக்கிட்டு நேரத்த வீணாக்காதீங்க. கண்ணு முன்னால கெடந்தா தள்ளி நின்னு போன்ல ஒரு படம் எடுங்க, போதும். தம்பி கொண்டு போன டப்பாவ பாத்து டொக்டர் சிரிக்கல, திட்டுனாங்க. அடிச்சு கொன்ன பாம்பு தலை கூட கொஞ்ச நேரத்துக்கு தொட்டா கடிக்குமாம்.

இன்னொண்ணு மறந்துட்டேன். ராத்திரி தரையில படுத்து தூங்கிட்டு, எந்திரிக்கும்போது வயித்து வலி, கண்ணு இமை தூக்க முடியல, பேச்சு குழறுது, சாப்பாடு முழுங்க முடியலன்னா, கடிச்ச தடம் இருக்கா இல்லையான்னு பாத்துக்கிட்டு இருக்காதீங்க. அது கட்டுவிரியனா இருக்கும், வலியே இல்லாம கடிக்கிற சாதி. எங்களுக்கு கீழ பிபிலை, மஹியங்கனை பக்கம் அது அதிகம், வயல் வெட்டுக்கு போயி வாடியில தரையில படுக்குற நம்ம பொடியங்களுக்கு இத கட்டாயம் சொல்லி விடுங்க. கட்டில் இல்லன்னா நொளம்பு வலையாவது கட்டி பாய்க்கு அடில சுத்தி சொருகிட்டு படுக்கணும்.

வளவுக்கு வர்றேன். அம்மா வீட்டுக்கு வந்த அடுத்த ஞாயிறு நானும் தம்பியும் கோடிப்பக்கத்த முழுசா பெரட்டிட்டோம்.

அதுக்கு முந்தி ஊர் சொன்ன மருந்தெல்லாம் பண்ணி பாத்தோம்னு ஒத்துக்கிறேன். உள்ளி (வெள்ளப்பூண்டு) இடிச்சு தண்ணில கலந்து தெளிச்சோம், வீடு முழுக்க ரசம் வாசன. பினைல் ஊத்துனோம், மண்ணெண்ணெய் ஊத்துனோம், மழை வந்து ரெண்டு நாள்ல கழுவிட்டு போயிருச்சு, கெடந்த போஞ்சி கொடி கருகுனது தான் மிச்சம். சித்தி எங்கிருந்தோ ஆகாச கருடன் கெழங்கு கொண்டு வந்து நெலையில கட்டுச்சு, அது இன்னும் தொங்குது, பாக்க அழகா தான் இருக்கு. உள்ளி கொட்டுன எடத்துலயே அடுத்த வாரம் மம்பட்டி போட்டா ஒரு மெடில்லா நெளிஞ்சுக்கிட்டு வந்துச்சு, அதுக்கு உள்ளிய பத்தி ஒரு கவலையும் இல்ல.

மெடில்லான்னா தெரியாதவங்களுக்கு, அது மண்ணுக்குள்ள கெடக்குற பழுப்பு கலர் சின்ன பாம்பு, மண்புழு திங்கிறது, கடிக்கக்கூட செய்யாது, இலங்கைய தவிர உலகத்துல வேற எங்கயும் இல்லாத சாதி. எங்க அக்காவ கந்தப்பளையில கட்டி குடுத்திருக்கு, அங்க அவங்க லீக்ஸ் பாத்தில மம்பட்டி போட்டா ரெண்டு மூணு கெளம்பும். மேல நுவரெலியா பக்கம் குளிருக்கு நாகம், கண்ணாடி விரியன் எல்லாம் ரொம்ப அபூர்வம், அக்கா வீட்டுல பாம்புன்னா இந்த மெடில்லா தான். அத போயி மண்ணெண்ணெய் ஊத்தி கொல்றாங்க. வேணாங்க. மண்ணுக்கு நல்லது செய்ற ஜீவன்.

வேலை செஞ்சது எதுன்னா, அலுப்பான வேலைங்க தான். வெறக செவத்த விட்டு ஒரு முழம் தள்ளி, ரெண்டு அடி ஒசரத்துல இரும்பு பைப் அடிச்சு தட்டு கட்டி அது மேல அடுக்குனோம், அடில கூட்டுமாறு போற அளவுக்கு எடம் இருக்கணும், இருட்டும் ஈரமும் எலையும் சேந்தா தான் அது வந்து படுக்கும். மூட சாக்கு போடுறத நிறுத்திட்டோம், தகரம் மட்டும். வெறகு எடுக்குறது பகல் நாலு மணிக்கு முந்தி, ராத்திரிக்கு வேண்டியது குசினிக்குள்ள வந்துரும். எடுக்கும்போது மொதல்ல ஒரு கம்பால இழுத்து கீழ போடுறது, அப்புறம் தான் கை. இந்த ஒரு பழக்கம் வர்றதுக்கு தான் ஆறு மாசம் ஆச்சு, வெறகு தட்டு கட்ட ஒரே நாள் போதும்.

கல்லுக்கட்டு பொந்த எல்லாம் சீமெந்து வச்சு அடைக்க தம்பி பாத்தான். நான் விடல, ரெண்டு காரணம். தண்ணி வடிய வழி இல்லன்னா அடுத்த மழைக்கு கட்டு வயிறு தள்ளி வீட்டு மேலயே விழும், மண்சரிவு என்னன்னு எங்க பக்கத்து ஆளுங்களுக்கு சொல்லி குடுக்க வேண்டியதில்ல. ரெண்டாவது, உள்ள பாம்பு இருக்கும்போது அடைச்சா அது வேற பக்கமா வீட்டுக்குள்ள வரும். அதனால தண்ணி போற ஓட்டைகள விட்டுட்டு, வீட்டோட ஒட்டுன ரெண்டு முழத்துக்கு மட்டும், பகல்ல, உள்ள ஒண்ணும் இல்லன்னு லைட் அடிச்சு பாத்துட்டு சின்ன கல்லும் மண்ணும் வச்சு அடைச்சோம்.

கானுல தேங்குன எலைய மாசம் ஒரு தடவ முள்ளு வாரியால இழுத்து போடுறோம், கையால இல்ல. கோழிக்கூட்ட காலு வச்சு தூக்கி அரை இஞ்ச் வலை அடிச்சோம். கோழித்தீன் வாளிக்கு மூடி. ராத்திரி மிச்ச சோத்த சிலிசிலி பேக்குல கட்டி கோடியில வீசுற பழக்கம் நின்னுச்சு, எலிக்கு நாமளே விருந்து வச்சிக்கிட்டு பாம்பு வந்துச்சுன்னு அழுதா எப்படி. குசினி கதவுக்கு அடில ஒரு வெரல் இடவெளி இருந்துச்சு, பழைய டயர் டியூப வெட்டி ஆணி அடிச்சேன். கழுவுற தண்ணி போற பைப் வாயில வலை. கூரைய தொட்டுக்கிட்டு இருந்த கொய்யா கெளைய வெட்டுனோம், பச்சை விரியன் மரத்துல இருக்குற சாதி, அதுவும் நம்ம நாட்டுக்கே சொந்தம், கொழுந்து, ஏலக்காய்னு கை வைக்கிற எடத்துல கெடந்து கடிக்கும். அதுக்கு பேரே பச்சை தான், ஆனா ஒடம்புல கறுப்பு கோலம் போட்ட மாதிரி இருக்கும், தலை அகலம். ஒல்லியா வால் மாதிரி தலை கூரா இருக்குற பச்சைப்பாம்பு வேற, அது கண்ண கொத்தும்னு சொல்றது சும்மா.

வீட்டுக்குள்ள செவத்துல ஏறுற சின்ன பாம்புல முக்காவாசி பல்லி திங்க வந்த ஓநாய்ப்பாம்பு, ஒடம்புல வெள்ள வளையம் இருக்குறதால கட்டுவிரியன்னு நெனச்சு அடிப்பாங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் பாக்க கிட்ட போகணும், கிட்ட போறது தான் தப்பு, அதனால நான் எதையும் தொடுறதில்ல. கதவ தொறந்து விட்டு, மத்த ரூம் கதவ மூடி, கதவு அடில துணி சொருகிட்டு, தூர நின்னு அது போகுற வரைக்கும் கண்ண எடுக்காம பாத்துக்கிட்டு இருக்குறது. போன வருஷம் நாகம் ஒண்ணு வாசல்ல படம் எடுத்து நின்னப்பவும் அதே தான். சித்தி பால் வைக்க ஓடுச்சு, பாம்பு பால் குடிக்க வரல, வந்த வேலை தவளை, முடிஞ்சதும் போயிருச்சு. சித்தி கும்பிட்டுச்சு, நானும் கும்பிட்டேன், பத்தடி தள்ளி நின்னு.

பூட்ஸும் டோர்ச்சும் பத்தி எழுத ஒண்ணும் இல்ல, வாங்குங்க. குசினி வாசல்லயே ஆணில தொங்கணும், அலமாரியில இருந்தா யாரும் எடுக்க மாட்டோம். பூட்ஸ போடுறதுக்கு முந்தி கவுத்து தட்டுங்க.

இந்த தை மாசம் கல்லுக்கட்டுல மறுபடி ஒரு சாரை வந்திருக்கு. பழசு அளவுக்கு இல்ல, நாலடி இருக்கும். மொத நாள் மாமா கம்போட வந்துட்டாரு. அம்மா வெறகு தட்டுக்கு முன்னால நின்னுக்கிட்டு அந்த வளைஞ்ச வெரல காட்டி, "என்னைய கடிச்சது இது இல்ல அண்ணே, கம்ப அங்க வையுங்க"ன்னு சொன்னுச்சு. அவரும் வச்சிட்டு தேத்தண்ணி குடிச்சிட்டு போனாரு. சீலிங்ல இப்ப ஓட்டம் கொறைஞ்சிருக்கு. நேத்து மேயப்போற கோழி புல்லுக்குள்ள போட்ட முட்டை ரெண்டு காணல, நான் மொனகிக்கிட்டு இருக்க, அம்மா அடுப்ப ஊதிக்கிட்டே, தோட்டத்துல அரை நாள் சம்பளம் போடுற கணக்குல சொல்லுது:

"எலி புடிக்குதுல்ல. ரெண்டு முட்டைக்கு அரைப்பேருன்னு போட்டு விடு."